இரண்டாவது போத்தலை யார் கேட்டார்கள்? அமெரிக்காவில் கிரிக்கெட் விற்ற கதையும் நமக்கான பாடமும்

இந்த வாரப் பாடத்தை ஒரு சின்னப் பரீட்சையோடு ஆரம்பிப்போம். கடையில் இருந்தபடியே மனதுக்குள் பதில் சொல்லுங்கள். பேஸ்போல் ஆட்டத்தில் ஓர் அணிக்கு எத்தனை பேர்? ஒரு போட்டிக்கு எத்தனை இன்னிங்ஸ்? பந்தை அடித்தவர் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

யட்டவத்தக் கடைத்தெருவில் நாலைந்து பேரிடம் இதையே கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "இங்கிலீஷ் படத்தில் பார்த்திருக்கிறேன், தொப்பி போட்டுக்கொண்டு ஆடுவார்கள்" என்றார். மற்றவர், "அது நம்ம எல்லே மாதிரித்தானே நாநா, அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவது" என்றார். ஒருவருக்கும் முழு விடை தெரியவில்லை. ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், அடித்தவர் தன் வலப்பக்கத்தில் இருக்கும் முதலாவது தளத்தை நோக்கி ஓட வேண்டும் என்பதே விடை.

இப்போது இதே பரீட்சையைத் திருப்பிப் போடுங்கள். சாதாரண அமெரிக்கர் ஒருவரிடம் போய் ஓவர் என்றால் என்ன, எல்.பீ.டபிள்யூ. என்றால் என்ன என்று கேட்டால், பேஸ்போலுக்கு முன்னால் நாம் நின்றது போலத்தான் அவரும் நிற்பார். கிரிக்கெட் மீது அவருக்கு வெறுப்பு இல்லை. தெரியாது, அவ்வளவுதான். அவர் பிறந்து வளர்ந்த தெருவில் அந்தச் சரக்கு விற்கப்படவில்லை.

நம் வியாபாரிகள் பலருக்கும் இந்த நிலை பழக்கமானது. கையில் நல்ல பொருள் இருக்கிறது, எதிரே இருக்கும் ஆளுக்கு அது என்னவென்றே தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் நாம் இரண்டு விதமாக நட்டப்படுகிறோம். "அங்கே யாருக்கு இது தெரியும்?" என்று ஒதுங்கிக்கொண்டு, கிடைக்கக்கூடிய வியாபாரத்தை விட்டுவிடுகிறோம். அல்லது ஒரு நாள் கூடிய கூட்டத்தைப் பார்த்து மயங்கி, கடன் வாங்கி அகலக் கால் வைக்கிறோம். அமெரிக்காவில் கிரிக்கெட் இந்த இரண்டையும் பார்த்திருக்கிறது. ஆகவே நாம் விரும்பிப் பார்க்கும் இந்த விளையாட்டை இந்த வாரம் ஒரு சரக்காக எண்ணி, அதன் கொடுக்கல் வாங்கல் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முன்பு விற்ற சரக்குத்தான்

அமெரிக்காவுக்குக் கிரிக்கெட் புதிது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை வேறு. உலகில் இரு நாடுகளுக்கு இடையே நடந்த முதலாவது கிரிக்கெட் போட்டி 1844 செப்டெம்பரில் நியூயோர்க் நகரில் நடந்தது. ஆடியவர்கள் அமெரிக்காவும் கனடாவும். கனடா 23 ஓட்டங்களால் வென்றது. இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் முதலாவது டெஸ்ட் ஆடியது அதற்கு 33 வருடங்கள் கழித்து, 1877இல்தான்.

பிலடெல்பியா நகரம் அந்நாளில் கிரிக்கெட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்நகர அணி 1893இல் அவுஸ்திரேலிய அணியையே தோற்கடித்தது. அங்கிருந்து வந்த பார்ட் கிங் என்ற பந்துவீச்சாளர் 1908இல் இங்கிலாந்துக்குப் போய் 87 விக்கெட்டுகளை வீழ்த்தி, அந்த வருடம் இங்கிலாந்தின் பந்துவீச்சுச் சராசரிப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அப்படி ஓடிய வியாபாரம் எப்படிப் படுத்தது?

முதலாவது காரணம், பக்கத்துக் கடை. பேஸ்போலுக்கு ஒழுங்காகச் செதுக்கிய ஆடுகளம் வேண்டியதில்லை. ஒரு வெளி இருந்தால் போதும், ஆட்டமும் சில மணி நேரத்தில் முடியும். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தின்போது படைமுகாம்களில் பரவியது பேஸ்போல். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்கள் அதை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். கிரிக்கெட்டோ இரண்டு மூன்று நாட்கள் இழுத்தது. கூலிக்கு வேலை செய்பவனுக்கு அவ்வளவு நேரம் ஏது?

இரண்டாவது காரணம், கடைக்காரரின் தோரணை. பிலடெல்பியாக் கழகங்கள் செல்வந்தர்களின் கழகங்களாகவே இருந்தன. தெருவில் நின்ற பையனுக்கு அங்கே மட்டை கிடைக்கவில்லை. செல்வந்தர்களின் பிள்ளைகள் டென்னிஸ் பக்கம் திரும்பியபோது, வேறு வாடிக்கையாளர் இல்லாத கடை காலியானது. மெரியன் கிரிக்கெட் கழகம், ஜெர்மன்டவுன் கிரிக்கெட் கழகம் என்ற பெயர்களில் அங்கே பழைய கழகங்கள் இன்றும் இருக்கின்றன. அவை பேர் பெற்றிருப்பது டென்னிஸுக்கு. பெயர்ப்பலகையில் ஒரு சரக்கு, உள்ளே வேறு சரக்கு!

மூன்றாவது காரணம், மொத்த வியாபாரிகளின் கதவடைப்பு. 1909இல் கிரிக்கெட்டின் உலக அமைப்பு உருவானபோது அதில் இடம் பெற்றவை இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று மட்டுமே. பிரித்தானிய சாம்ராஜ்யத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. வரத்து நின்ற சரக்கைச் சில்லறைக் கடைக்காரர் எவ்வளவு காலத்துக்கு வைத்திருப்பார்?

ஒரு நாள் நின்று போன வியாபாரி

இனி நம் நாட்டுப் பக்கம் ஒரு கதை. பலர் கேள்விப்பட்டிராதது. ஆல்பர்ட் ஸ்போல்டிங் என்பவர் அமெரிக்காவின் பெரிய விளையாட்டுப் பொருள் வியாபாரி. முன்னாள் பேஸ்போல் வீரர். உலகம் முழுவதும் பேஸ்போலைப் பரப்பினால் தன் பந்தும் மட்டையும் உலகம் முழுவதும் விற்கும் என்பது அவருடைய கணக்கு. 1888இல் இரண்டு அணிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அவுஸ்திரேலியாவில் ஆடிவிட்டு, எகிப்துக்குப் போகும் வழியில், 1889 ஜனவரியில் நமது கொழும்பிலும் இறங்கி ஒரு போட்டி ஆடிக் காட்டினார்கள். மக்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது.

விளைவு என்னவென்று நமக்குத் தெரியும். நூற்று முப்பது வருடங்களுக்கு மேலாகியும் யட்டவத்தக் கடைத்தெருவில் ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ் என்று சொல்ல ஆளில்லை. இலங்கைக்கு ஒரு பேஸ்போல் அணி உண்டு, ஜப்பானின் உதவியோடு தியகமவில் ஒரு மைதானமும் கட்டப்பட்டது. ஆனால் அது தெருவுக்கு இறங்கி வரவில்லை.

அதே காலத்தில் கிரிக்கெட் இங்கே என்ன செய்துகொண்டிருந்தது? ரோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான பெரும்போட்டி 1879இலேயே ஆரம்பமாகிவிட்டது. ஸ்போல்டிங் ஒரு நாள் ஆடிக் காட்டிவிட்டுப் போனார். வெள்ளைக்காரர்கள் மட்டையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் போன சரக்கு வருடா வருடம் புதிய வாடிக்கையாளரை உண்டாக்கும். முதலில் கொழும்பின் பெரிய கல்லூரிகள், பிறகு கண்டி, காலி, கடைசியில் அறுவடை முடிந்த வயலில் டென்னிஸ் பந்தோடு நம் பிள்ளைகள்.

இந்த வித்தியாசத்தை அளக்க ஒரு நல்ல அளவுகோலும் உண்டு. 1965இல் உலகக் கிரிக்கெட் அமைப்பு தன் கதவைக் கொஞ்சம் திறந்து, முதல் தடவையாக இணை உறுப்பினர்களைச் சேர்த்தது. அன்று உள்ளே வந்த நாடுகள் மூன்று: இலங்கை, பீஜி, அமெரிக்கா. நாமும் அமெரிக்காவும் ஒரே வருடம், ஒரே வாசலால் நுழைந்தவர்கள். 1981இல் நமக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ணத்தைக் கையில் எடுத்தோம். பணத்திலும் சனத்தொகையிலும் நம்மைவிட எத்தனையோ மடங்கு பெரிய அமெரிக்கா அப்போதும் வாசலிலேயே நின்றது. முதல் பெரிதாக இருந்து, பழகிய வாடிக்கை இல்லாவிட்டால் கடை நடக்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆளில்லாத ஊரல்ல

ஆனால் அமெரிக்காவில் கிரிக்கெட் செத்துப் போகவில்லை. அதைக் காப்பாற்றியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கையிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் மட்டையையும் கொண்டு போனார்கள். நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவு இலங்கையர்கள் நிறைய வாழும் இடம். அங்கே 1872இல் தொடங்கிய கிரிக்கெட் கழகம் ஒன்று இன்றும் நடக்கிறது. புளோரிடாவின் லோடர்ஹில் நகரில் ஜமைக்கா வழிவந்தவர்கள் அதிகம். அங்கே 2007இல் சர்வதேசப் போட்டி நடத்தத்தக்க மைதானம் ஒன்று திறக்கப்பட்டது. 2010 மே மாதம் அதே மைதானத்தில் இலங்கையும் நியூசிலாந்தும் இரண்டு இருபதுக்கு-20 போட்டிகள் ஆடின. டெஸ்ட் அந்தஸ்துள்ள இரு நாடுகள் அமெரிக்க மண்ணில் மோதிய முதலாவது சர்வதேசப் போட்டிகள் அவை. ஆளுக்கு ஒரு வெற்றி.

அமெரிக்காவின் சனத்தொகை ஏறக்குறைய 34 கோடி. அதில் இந்திய வம்சாவளியினர் மாத்திரம் ஐம்பது இலட்சத்துக்கு மேல். ஒரு வியாபாரி இந்தக் கணக்கை இரண்டு விதமாகப் பார்க்கலாம். "நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தெரியாது" என்று சொல்லிக் கையை விரிக்கலாம். "தெரிந்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கு மேல், நியூசிலாந்தின் முழுச் சனத்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான்" என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம். இரண்டாவது விதமாகப் பார்த்தவர்கள்தான் அங்கே கிரிக்கெட்டுக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசை வைத்துப் பணம் பண்ணினார்கள்.

நமது பக்கத்து மாவட்டமான கண்டியில் பிறந்து, இலங்கைக்கு விக்கெட் காத்த புபுது தஸநாயக்க 2016 முதல் 2019 வரை அமெரிக்க அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அவர் காலத்தில்தான், 2019இல், அமெரிக்கா ஒருநாள் போட்டி அந்தஸ்தைப் பெற்றது. இலங்கை அணிக்கு ஆடிய ஷெஹான் ஜயசூரிய 2021இல் அங்கே குடியேறி, பின்னர் சியாட்டில் அணிக்கு ஆடினார். ஆக, சரக்கை அறிந்த ஆட்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள்.

இன்னொரு முக்கியமான விடயம். 2008இல் நியூயோர்க் நகரத்து அரசாங்கப் பாடசாலைகள் கிரிக்கெட்டைப் பாடசாலைப் போட்டி விளையாட்டாகச் சேர்த்தன. ஆடிய பிள்ளைகளில் பெரும்பாலானோர் குடியேறிகளின் பிள்ளைகளே. இருந்தாலும் நமது நாட்டில் 1879இல் நடந்தது போன்ற ஒரு காரியம் அங்கே 2008இல் ஆரம்பமானது என்று வைத்துக்கொள்ளலாம்.

கித்துள் பாணிக் கணக்கு

இந்த இடத்தில் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னால்தான் அடுத்த பகுதி விளங்கும். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் கித்துள் பாணி வியாபாரம் செய்கிறார். சுத்தமான சரக்கு, சீனி கலப்பில்லை. கொழும்பில் நடந்த கண்காட்சி ஒன்றுக்குக் கொண்டுபோன போத்தல் எல்லாம் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்துவிட்டது. வெளிநாட்டுக்காரரும் நாலைந்து பேர் வாங்கினார்கள். திரும்பி வந்த கையோடு என்னிடம் வந்தார்.

"நாநா, போத்தலில் அடைக்கிற மெஷின் ஒன்று எடுக்கப் போகிறேன். உம்மாவின் நகையை வைத்தால் முற்பணம் சரி."

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, வாங்கினவர்களில் எத்தனை பேர் இரண்டாவது போத்தல் கேட்டார்கள்?"

அவர் பேசாமல் இருந்தார். கேட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவரிடம் வழியே இல்லை. யாருடைய தொலைபேசி இலக்கமும் வாங்கி வைக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், வாடிக்கையைப் பார்க்கவில்லை.

முதலாவது போத்தல் ஆசையால் விற்கும், புதுமையால் விற்கும், கண்காட்சிக்கு வந்த உற்சாகத்தாலும் விற்கும். இரண்டாவது போத்தல்தான் வியாபாரம். ஒரு பொருள் பலருக்குத் தெரிந்திருப்பது வேறு, பலர் அதைத் திரும்ப வந்து வாங்குவது வேறு. அமெரிக்காவில் கிரிக்கெட் விற்கப் போனவர்கள் பல தடவை முதலாவது போத்தலை விற்றிருக்கிறார்கள். இரண்டாவதில்தான் தடுக்கி விழுந்தார்கள்.

முதலாவது போத்தல்கள்

2004இல் அமெரிக்காவில் 'புரோ கிரிக்கெட்' என்ற பெயரில் ஒரு தொழில்முறைத் தொடர் ஆரம்பித்தார்கள். எட்டு அணிகள். அமெரிக்கருக்குப் பிடிக்கும் என்று ஓவருக்கு ஐந்து பந்து என விதியையும் மாற்றினார்கள். ஒரே ஒரு பருவத்தோடு கடை மூடப்பட்டது.

2015 நவம்பரில் சச்சின் டெண்டுல்கரும் ஷேன் வோனும் ஓய்வு பெற்ற நட்சத்திரங்களைத் திரட்டிக்கொண்டு நியூயோர்க், ஹூஸ்டன், லொஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் பேஸ்போல் மைதானங்களில் மூன்று போட்டிகள் ஆடினார்கள். நமது முரளிதரன், மஹேல, சங்கக்கார ஆகியோரும் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். மறு வருடம் அது அங்கே நடக்கவில்லை.

2024 ஜூனில் பெரிய கண்காட்சியே நடந்தது. இருபதுக்கு-20 உலகக் கிண்ணத்தின் ஒரு பகுதி அமெரிக்காவில். முதலாவது போட்டியில் அமெரிக்காவும் கனடாவும் டலஸ் நகருக்கு அருகில் மோதின. 1844இல் தொடங்கிய பழைய போட்டிதான், 180 வருடங்கள் கழித்து. இம்முறை அமெரிக்கா வென்றது. தோற்ற கனடாவின் பயிற்றுநர் யார் தெரியுமா? முன்னர் அமெரிக்காவைப் பயிற்றுவித்த அதே புபுது தஸநாயக்க!

ஜூன் 6ஆம் திகதி அதே மைதானத்தில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் தோற்கடித்தது. அந்த ஓவரை வீசிய சௌரப் நேத்ராவல்கர், ஒராக்கிள் கணினி நிறுவனத்தில் வேலை செய்யும் பொறியியலாளர். பகலில் கணினி, மற்ற நேரத்தில் பந்து என்ற அவருடைய கதையை அமெரிக்கப் பத்திரிகைகளும் எழுதின. கிரிக்கெட் என்ற சொல்லையே கேட்டிராத பலர் அந்த வாரம் அதைக் கேட்டார்கள்.

நியூயோர்க்கின் நாசோ மாவட்டத்தில் 34 ஆயிரம் பேர் அமரக்கூடிய தற்காலிக மைதானம் சில மாதங்களில் எழுப்பப்பட்டது. ஆடுகளங்கள் புளோரிடாவில் வளர்க்கப்பட்டு லொறிகளில் கொண்டுவரப்பட்டன. ஜூன் 9ஆம் திகதி இந்தியா - பாகிஸ்தான் போட்டிக்கு அந்த இடம் நிரம்பி வழிந்தது. ஆனால் ஆறு நாட்களுக்கு முன்னர் இலங்கை தென்னாபிரிக்காவிடம் 77 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது அதே மைதானத்தில் பல கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. உலகக் கிண்ணப் போட்டிகள் முடிந்ததும் மைதானம் கழற்றப்பட்டது.

நிரம்பி வழிந்த அந்த நாளில் கதிரைகளில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கிரிக்கெட்டை ஏற்கெனவே அறிந்த நம் தெற்காசியர்களே. அது குறையல்ல. ஆனால் அதைப் பார்த்து "அமெரிக்கா கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது" என்று யாரேனும் எழுதினால், அது கண்காட்சிக் கூட்டத்தைப் பார்த்து மெஷின் வாங்குகின்ற கணக்கு. நிரந்தர மைதானம் கட்டாமல் தற்காலிகமாகக் கட்டியவர்கள் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். பெருநாள் கூட்டத்துக்குப் பந்தல்தான் போட வேண்டும், மாடிக் கட்டடம் கட்டக் கூடாது.

வருடா வருடம் திறக்கும் கடை

அப்படியானால் இரண்டாவது போத்தலை விற்கப் பார்ப்பவர்கள் யார்? 2023 ஜூலையில் ஆரம்பமான மேஜர் லீக் கிரிக்கெட் தொடரைக் கவனியுங்கள். ஆறு அணிகள். 2022இலேயே 44 மில்லியன் டொலர் திரட்டி, மேலும் 76 மில்லியனுக்கு வாக்குறுதியும் பெற்றுக்கொண்டுதான் இறங்கினார்கள். மைக்ரோசொஃப்ட் நிறுவனத் தலைவர் சத்யா நாதெல்லாவும் முதலீட்டாளர்களில் ஒருவர். டெக்ஸாஸ் அணியின் பின்னால் சென்னை சுப்பர் கிங்ஸ், நியூயோர்க் அணியின் பின்னால் மும்பை இந்தியன்ஸ், லொஸ் ஏஞ்சலிஸ் அணியின் பின்னால் கொல்கத்தாவின் நைட் ரைடர்ஸ். அதாவது வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே பழக்கமான பெயர்ப்பலகைகள்.

இவர்கள் செய்த மூன்று காரியங்கள் நமக்குப் பாடமாகும். ஒன்று, சிறிதாகத் தொடங்கினார்கள். டலஸ் அருகிலுள்ள கிராண்ட் பிரேரியில் முன்னர் பேஸ்போல் ஆடப்பட்ட மைதானத்தை எடுத்துத் திருத்தினார்கள். ஏறக்குறைய 7,000 கதிரைகள்தான். சில ஆயிரம் பேர் வந்தாலே அது நிறைந்த கடையாகத் தெரியும். இரண்டு, சரக்கை அறிந்தவர்கள் வாழும் இடமாகப் பார்த்துக் கடை போட்டார்கள். டெக்ஸாஸ், வட கரோலினா, கலிபோர்னியா எல்லாம் இந்தியக் கணினித் துறையினர் அதிகம் வாழும் இடங்கள். மூன்று, மறு வருடமும் கடையைத் திறந்தார்கள். 2024இலும் தொடர் நடந்தது, 2025இலும் நடந்தது. 2004இல் கிடைக்காத பெறுபேறு இதுதான்.

அறியாதவருக்குச் சொல்லும் முறையிலும் பாடம் உண்டு. இருபதுக்கு-20 ஆட்டம் மூன்று மணி நேரம் சொச்சம். பேஸ்போல் போட்டியும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே. "உங்கள் பேஸ்போல் மாதிரித்தான், ஆனால் பின்பக்கமும் அடிக்கலாம்" என்று சொல்லும்போது அமெரிக்கருக்குப் பாதி விளங்கிவிடுகிறது. நம் கடைத்தெரு ஆள் பேஸ்போலை எல்லே என்று பிடித்துக்கொண்டது போல. தெரியாத பொருளை விற்க, தெரிந்த பொருளின் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

கித்துள் பாணித் தம்பிக்கும் இதையே சொன்னேன். அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிய பாணியைக் காலை உணவின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நம்முடையதும் மரத்துச் சாற்றைக் காய்ச்சியதே. லேபலில் 'கித்துள்' என்று மாத்திரம் போட்டால் அவர் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். "மரத்துப் பாணி, மேப்பிள் பாணி போல ஊற்றிச் சாப்பிடலாம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் கை நிற்கும். தம்பி அந்த வரியைச் சேர்த்தார். ஒவ்வொரு போத்தலிலும் தொலைபேசி இலக்கத்தையும் ஒட்டினார். இப்போது மாதா மாதம் திரும்பக் கேட்கும் கொழும்புக் கடைகள் சில அவருக்கு இருக்கின்றன. மெஷின் இன்னும் வாங்கவில்லை. உம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கிறது.

உள்வீட்டுக் கணக்கு

ஒன்றை விட்டுவிட்டால் இந்தப் பாடம் அரைகுறையாகிவிடும். வெளியே சரக்கு விலை போனாலும் உள்ளே பங்காளிகள் சண்டை போட்டால் கடை நிற்காது. அமெரிக்காவின் பழைய கிரிக்கெட் சங்கத்தைச் சர்வதேச கிரிக்கெட் பேரவை 2017இல் வெளியேற்றியது. 2019இல் புதிய அமைப்பு உள்ளே வந்தது. அந்தப் புதிய அமைப்பின் உறுப்புரிமையும் 2025 செப்டெம்பரில் நிருவாகக் குறைபாடுகளைக் காட்டி இடைநிறுத்தப்பட்டது. பாகிஸ்தானைத் தோற்கடித்து ஒன்றே கால் வருடத்தில் இந்த நிலை! இதைக் கேட்டு நாம் சிரிக்கவும் முடியாது. 2023 நவம்பரில் நமது கிரிக்கெட் நிறுவனமும் இடைநிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில்தான் தடை நீங்கியது. கூட்டு வியாபாரம் செய்கிற சகோதரர்கள் இதைக் கவனத்தில் எடுங்கள். யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கட்டும். நல்ல காலத்தில் எழுதிய கணக்குதான் கெட்ட காலத்தில் உறவைக் காக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஒரு கொப்பி எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலாவது பத்தியில், உங்கள் சரக்கை அறிந்து திரும்பத் திரும்ப வாங்குவோரின் பெயர்கள். இரண்டாவதில், ஒரு தடவை வாங்கிவிட்டு வராமல் போனவர்கள். மூன்றாவதில், சரக்கு என்னவென்றே தெரியாதவர்கள்.

முதலாவது பத்திதான் உங்கள் கடையின் தூண். அவர்களுக்குச் சரக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை, சம்பளம், கடன் தவணை ஆகிய மூன்றையும் இந்தப் பத்தியில் உள்ளவர்களின் வியாபாரத்தை மாத்திரம் வைத்துக் கணக்குப் பாருங்கள். கட்டுப்படியானால் மட்டும் விரிவாக்குங்கள். இரண்டாவது பத்தியில் உள்ளவர்களை வாரத்துக்கு இரண்டு பேராகத் தேடிப் பிடித்து ஏன் வரவில்லை என்று கேளுங்கள். விலையா, தரமா, மறதியா? பெரும்பாலும் மறதியாகத்தான் இருக்கும், அதற்கு மருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்றாவது பத்திக்குக் கொஞ்சமாகவே செலவிடுங்கள், ஆனால் விடாமல் செலவிடுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சொல்லி உங்கள் பொருளை அறிமுகம் செய்யுங்கள். முடிந்தால் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் நாக்கில் ஏறிய ருசி வீட்டுக்குள் தானாக வந்துவிடும்.

2028இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டியில் கிரிக்கெட்டும் இடம்பெறப் போகிறது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பின் இதுவே முதல் தடவை. அப்போதும் கூட்டம் கூடும், பத்திரிகைகள் எழுதும், தொலைக்காட்சிகள் காட்டும். நீங்கள் அந்தக் கூட்டத்தை எண்ண வேண்டாம். ஒலிம்பிக் முடிந்து ஒரு வருடம் கழித்து, ஒரு சாதாரண சனிக்கிழமையில், ஏதாவதோர் அமெரிக்கப் பாடசாலை வெளியில் எத்தனை பிள்ளைகள் மட்டையோடு நிற்கிறார்கள் என்று கேளுங்கள். கிரிக்கெட் அந்த நாட்டில் விலைபோனதா இல்லையா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லும்.

உங்கள் கொப்பியின் முதலாவது பத்தியில் எத்தனை பெயர்கள் சேர்ந்தன என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணத்தை மனம் நோகாமல் திருப்பி எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.